நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது

பி.காம் முதல் வருடத்தில் கணக்கியல் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்டு எங்களை மனப்பாடம் செய்ய வைத்த வரி அது. கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு. இயந்திரத்துக்கு உண்டு. நாற்காலி மேசைக்குக்கூட உண்டு. நிலத்துக்கு மட்டும் கிடையாது. ஏன் சார் என்று கேட்டால், "நிலம் எங்கலே போகப் போவுது?" என்பார். வகுப்பே சிரிக்கும்.

எங்கே போகும் என்று தெரிந்துகொள்ள நான் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கடல் தாண்டி வரவேண்டியிருந்தது.

வங்கி வேலையில் மாற்றல் கிடைத்து அந்தமானுக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. இரண்டு வருடத்தில் ஊர் திரும்பிவிடலாம் என்று வந்தவன், இன்னும் இங்கேயே இருக்கிறேன். போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகிய ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். மினி பஸ்காரர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் கூவுகிறார்கள். அங்கிருந்து கராச்சர்மா தாண்டி வண்டூர் கடற்கரைக்குப் போகிற சாலையில் இருக்கிறது சிப்பிகாட்.

முதன்முதலில் பெயரைக் கேட்டபோது சிப்பிக்காடு என்று நினைத்துக்கொண்டேன். பரவாயில்லையே, நம்ம ஆட்கள் வைத்த பெயர் போல என்று ஒரு சந்தோஷம். அப்புறம்தான் தெரிந்தது, 'காட்' என்றால் இங்கே படித்துறை. சிப்பி நமக்கும் சிப்பிதான், இந்திக்காரர்களுக்கும் கிட்டத்தட்ட அதேதான். ஆகவே பாதி சந்தோஷம் மிச்சம் :-)

இந்த ஊரைப் பற்றி எழுதும் முன் என் சொந்த ஊரைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். காரணம் இருக்கிறது.

எனக்குச் செங்கோட்டை. நெல்லும் தென்னையும் சாரலும் உள்ள சின்ன ஊர். வாஞ்சிநாதன் பிறந்த ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் 'பார்டர்' என்று சொன்னால் உடனே புரோட்டா ஞாபகம் வரும். பிரானூர் பார்டர். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியில் பாதி நேரம், பார்டர் கடையில் பாதி நேரம் என்று கழிப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். பிரானூர் இருப்பது தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில். கேரள எல்லையோ செங்கோட்டைக்கும் மேற்கே, புளியரை தாண்டி மலைமேல் இருக்கிறது. அப்புறம் பிரானூருக்கு எப்படி பார்டர் என்று பெயர்?

1956 நவம்பர் 1 வரை எல்லை அங்கேதான் இருந்தது. செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில், அதன்பின் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களோடு செங்கோட்டை தாலுகாவின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு மேற்கே மலைக்கு நகர்ந்தது. பெயர் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

என் தாத்தா அந்த மாற்றத்தைப் பார்த்தவர். "ராத்திரி ஒரு ராஜ்ஜியத்துல படுத்தோம், காலையில வேற ராஜ்ஜியத்துல முழிச்சோம். வயலு அங்கனயேதான் கெடந்துது" என்பார். வீட்டில் ஒரு பழைய பத்திரம் இருந்தது. சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாள், கொல்லம் ஆண்டுக் கணக்கில் தேதி. அதை வைத்துத்தான் பின்னாளில் அப்பா தமிழ்நாட்டில் பட்டா வாங்கினார். உன் ராஜா போய்விட்டார், உன் பத்திரம் செல்லாது என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லை நகர்ந்தது. காகிதமும் கூடவே நகர்ந்தது. அதனால் மனிதர்கள் தப்பித்தார்கள்.

சரி, இப்போது சிப்பிகாட்டுக்கு வருவோம்.

அந்தமானே எல்லையில் இருக்கிற ஊர்தான். வடக்கே மியான்மரின் கோகோ தீவுகள். தெற்கே இந்திரா முனையிலிருந்து பார்த்தால் இந்தோனேசியாவின் சுமத்திரா, சென்னையைவிட மிக மிகப் பக்கம். 1974ல் இந்தோனேசியாவோடும் 1986ல் பர்மாவோடும் ஒப்பந்தம் போட்டுக் கடலில் கோடு கிழித்தார்கள். அந்தக் கோடுகளைக் கடற்படையும் கடலோரக் காவல்படையும் பார்த்துக்கொள்கின்றன. நான் சொல்ல வந்த எல்லை அது இல்லை. சிப்பிகாட் உழவனுக்கு எல்லை என்றால் வயலுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த மண் வரப்புதான்.

இந்தத் தீவுகளில் விவசாயம் வந்த கதை நம் ஊர்க் கதை போல இல்லை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1858 மார்ச்சில் வாக்கர் என்ற ஆங்கில அதிகாரி இருநூறு கைதிகளோடு கப்பலில் வந்து இறங்கினார். ஒழுங்காக நடந்துகொண்ட கைதிகளுக்குச் சில வருடங்களுக்குப் பின் சீட்டு கொடுத்து, ஒரு துண்டு நிலத்தையும் காட்டி, நீயே உழுது பிழைத்துக்கொள் என்று விட்டார்கள். போர்ட் பிளேரைச் சுற்றியுள்ள பழைய கிராமங்கள் அப்படி உருவானவை. 1921 மலபார் கலவரத்துக்குப் பின் மாப்பிள்ளைமார்களைக் கொண்டுவந்தார்கள். இன்றும் இங்கே காலிகட், மலப்புரம் என்று ஊர்கள் உண்டு. 1925ல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் மாயாபந்தர் பக்கம் வந்தார்கள். 1942 மார்ச் முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. அந்தப் பசியையும் அடியையும் இங்குள்ள பழைய குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1949லிருந்து, கிழக்கு வங்காள அகதிகள். பிரிவினையில் வீடு வாசல் இழந்தவர்களுக்குத் தெற்கு அந்தமானில் நிலம் கொடுத்தார்கள். குடியேற்றத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் சமவெளி நெல்லுக்கு, ஐந்து ஏக்கர் மேட்டு நிலம் தோட்டத்துக்கு என்று ஒரு கணக்கு. சமவெளி என்றால் ஏதோ காவிரிப் படுகை என்று நினைக்காதீர்கள். மலைக்கும் கடலோடைக்கும் நடுவில் கிடைத்த தாழ்வான பூமி. பல இடங்களில் அலையாத்திக் காட்டை வெட்டி, ஓடை வாயில் மண் வரப்பு போட்டு, உப்புத்தண்ணீரை வெளியே நிறுத்தி, மூவாயிரம் மில்லிமீட்டர் மழை கழுவிக்கொடுத்த வயல். நம் தமிழர்களும் கூலிகளாகவும் வியாபாரிகளாகவும் வந்தார்கள். இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் சிலர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்கள். ஏற்கெனவே ஒரு எல்லையால் துரத்தப்பட்டவர்களைக் கொண்டுவந்து இன்னொரு எல்லையில் உட்கார வைத்த கதைதான் எல்லாமே.

சிப்பிகாட்டுக்கு விவசாயத்தில் ஒரு தனிப் பெயரும் இருந்தது. அரசுப் பண்ணை இங்கே இருக்கிறது. கிராம்பு, ஜாதிக்காய், மிளகு, இலவங்கப்பட்டை எல்லாம் இங்கே வளர்த்துப் பார்த்தார்கள். பசிபிக் தீவுகளிலிருந்து கொண்டுவந்த தென்னை ரகங்களைப் பாதுகாக்கும் மையமும் சிப்பிகாட்டில் அமைந்தது. நெல், பாக்கு, தென்னை, வாசனைப் பயிர் என்று வளர்ந்த ஊர் இது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. மற்றதெல்லாம் உங்களுக்கும் தெரியும். ஆனால் நாகப்பட்டினத்தில் நடந்ததற்கும் இங்கே நடந்ததற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. நாகையில் கடல் வந்தது, உயிர்களைக் கொண்டுபோனது, திரும்பிப் போனது. உப்பேறிய வயலைச் சில வருட மழையும் உழைப்பும் ஓரளவு மீட்டுக்கொடுத்தன. இங்கே பல இடங்களில் கடல் திரும்பிப் போகவில்லை. ஏனென்றால் நிலமே இறங்கிவிட்டது. 9.1 அளவு நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமான் மேலே எழும்பியது. பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து வெயிலில் செத்தன. தெற்கு அந்தமான் சுமார் ஒரு மீட்டர் கீழே போனது. இந்திரா முனையில் நாலு மீட்டருக்கும் மேல். அங்கே கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கடலுக்குள் நின்றது.

ஒரு மீட்டர்தானே என்று தோன்றும். மண் வரப்பின் உயரமே அவ்வளவுதான் என்றால் எல்லாம் போச்சு. இங்குள்ள விவசாய ஆராய்ச்சிக்காரர்கள் பாதிக்கப்பட்ட நிலத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஒருமுறை கடல் வந்து வடிந்த நிலம். ஏற்றத்தில் கடல் ஏறி, இறக்கத்தில் வடியும் நிலம். நிரந்தரமாக மூழ்கிய நிலம். முதல் வகையை மழை காப்பாற்றியது. பாத்தியை அகலமாக உயர்த்திக் காய்கறி, நடுவில் பள்ளம் வெட்டி மீன் என்ற முறையையும் சொல்லிக்கொடுத்தார்கள். அது தண்ணீர் தேங்கும் வயலில் நன்றாகவே வேலை செய்கிறது. மூன்றாவது வகைக்கு எந்த விஞ்ஞானமும் இல்லை. சிப்பிகாட்டில் சாலையோரம் நீங்கள் பார்க்கும் தண்ணீர்ப் பரப்பில் பெரும்பகுதி அந்த மூன்றாவது வகை.

இன்று அது பார்க்க அழகாக இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது. பட்டுப்போன தென்னைகள் தண்ணீரில் நிற்கும். கொக்கும் நாரையும் வரும். அந்தமானுக்கே உரிய கிளுவை வாத்து இங்கே இருக்கிறது என்று பறவை பார்க்கிறவர்கள் விடியற்காலை நாலரைக்கே வந்து நிற்கிறார்கள். பெரிய பெரிய கேமராக்கள். அவர்கள் போடுகிற படங்களில் சிப்பிகாட் ஒரு இயற்கைச் சதுப்புநிலம். நானும் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்திருக்கிறேன்.

அப்படி எடுத்த ஒரு வாரத்தில்தான் அவர் கிளைக்கு வந்தார். வயதான வங்காளி. அவருடைய அப்பா அகதிக் கப்பலில் வந்தவர். பாக்குத் தோட்டத்தைச் சீர்படுத்தக் கடன் கேட்டார். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த காகிதங்களை எடுத்து மேசையில் பரப்பினார். பழைய நகல். அதில் நெல் நிலம் என்று இருந்தது. "தாதா, இந்த நிலம் எங்கே?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, சிப்பிகாட் சாலையில் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்று இடம் சொன்னார். நான் படம் எடுத்த இடம்.

பயிர்க்கடனுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. என்ன பயிர், எத்தனை ஏக்கர், ஏக்கருக்கு எவ்வளவு. பெருக்கினால் தொகை வந்துவிடும். 2025 ஜனவரியிலிருந்து இரண்டு லட்சம் வரை அடமானமே தேவையில்லை. ஆனால் பயிர் நிற்க மண் வேண்டுமே? மேட்டு நிலத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு ஒரு சின்னத் தொகை கொடுத்தேன். மீதி நிலத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. என் வேலைப்படி அது சரி. நாளைக்கு ஆடிட்டர் வந்தாலும் சரி என்பார். அவர் காகிதங்களை மறுபடி உறையில் போட்டுக்கொண்டே கேட்டார்: "சார், தண்ணீர் என்றைக்காவது இறங்கினால் அந்த நிலம் யாருடையது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொரு அலுவலகத்தில் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. என் தாத்தாவின் சங்கு முத்திரைப் பத்திரம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

இதில் என் கருத்து இதுதான். எல்லை நகரும்போது காகிதம் கூடவே நகர வேண்டும். இல்லாவிட்டால் மனிதன் நடுவில் விழுந்துவிடுவான். 1956ல் மனிதர்கள் போட்ட கோடு நகர்ந்தது, அதற்கு ஒரு சட்டமே எழுதினோம். 2004ல் பூமி தானே ஒரு கோட்டை நகர்த்தியது. அதற்கும் அதே அக்கறையோடு எழுதியிருக்க வேண்டும்.

நிவாரணம் கொடுத்தார்களே என்று சிலர் கேட்பார்கள். நிவாரணம் வேறு, உரிமை வேறு. நிவாரணம் ஒருமுறை கையில் வந்து செலவாகிவிடும். உரிமை பேரனுக்கும் போகும். அதுவும் இங்கே நிலச் சட்டம் நம் ஊர் போல இல்லை. 1966ஆம் ஆண்டின் நில வருவாய் ஒழுங்குமுறைச் சட்டப்படி நிலமெல்லாம் அரசுடையது. குடியேறியவருக்கு இருப்பது அனுபோக உரிமை. மண்ணே மறைந்துவிட்டால் அனுபோகம் எதன்மேல் நிற்கும்?

அரசு கொடுத்தது, இயற்கை எடுத்தது, இதில் யாரிடம் உரிமை கேட்பது என்று வாதிடுகிற நண்பரும் எனக்கு உண்டு. நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் நிலம் கரைந்துபோவது உலகத்துக்குப் புதிதில்லை. அந்தப் பெரியவரின் பூர்வீக நாட்டிலேயே அதற்குச் சட்டம் உண்டு. ஆறு தின்ற நிலம், ஆறு கக்கிய நிலம் என்று இரண்டையும் பற்றி வங்காளத்தில் 1825லேயே கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு ஒழுங்குமுறை எழுதியது. இன்றைய வங்கதேசத்தில், 1994ல் திருத்திய சட்டப்படி, ஆற்றில் போன நிலம் முப்பது வருடத்துக்குள் மறுபடி எழுந்தால் பழைய உரிமையாளருக்கு அதில் உரிமை தொடரும். அங்கே அது நடைமுறையில் எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது வேறு விஷயம். போன நிலத்துக்கும் ஒரு பெயர், ஒரு கெடு, ஒரு பதிவு உண்டு என்பதுதான் முக்கியம்.

இங்கே என்ன செய்யலாம்? பெரிய திட்டமெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு வங்கிக்காரனாக மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, மூழ்கிய நிலத்தை மூழ்கிய நிலம் என்றே தனியாகப் பதிவு செய்து, அளந்து, யாருடையது என்று எழுதி வைக்க வேண்டும். நெல் நிலம் என்று பழைய காகிதம் பேசிக்கொண்டிருப்பதும் பொய். அப்படி ஒரு நிலமே இல்லை என்று விட்டுவிடுவதும் பொய். எங்கள் பாஷையில் சொன்னால், வராக்கடனைக்கூட நாங்கள் தள்ளுபடி செய்தாலும் கணக்கில் தனியாக வைத்திருப்போம். என்றைக்காவது ஒரு ரூபாய் திரும்பி வந்தால் யார் கணக்கில் வரவு வைப்பது என்று தெரிய வேண்டும் அல்லவா?

இரண்டு, வயலாக இருந்த தண்ணீரில் அதே குடும்பத்துக்குத் தண்ணீர் உரிமை கொடுக்க வேண்டும். 2018-19லிருந்து கிசான் கடன் அட்டை மீன் வளர்ப்புக்கும் உண்டு. ஆனால் குளமோ நீர்ப்பரப்போ சொந்தமாகவோ குத்தகையாகவோ இருப்பதற்கு ஒரு காகிதம் கேட்போம். அந்த ஒரு காகிதம் இருந்தால் அன்றைக்கு நான் அந்தப் பெரியவரைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன். கொடுவாய் மீன், நண்டு என்று சின்ன அளவில் செய்ய நிறைய இருக்கிறது. முதலை பயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அதற்கேற்ற இடம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஆனால் இறால் பண்ணை முதலாளிகளைக் கூப்பிட்டு மொத்தமாகக் கொடுத்துவிடக் கூடாது. 1990களில் நாகை, தஞ்சைக் கரையோரம் என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996ல் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது.

மூன்று, பறவைகளுக்காக அந்த நீர்நிலை இருக்கட்டும். மண் கொட்டி மனை போடுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். நகரம் கராச்சர்மா தாண்டி வளர்ந்து வரும்போது இந்தப் பயம் எனக்கு நிஜமாகவே உண்டு. ஆனால் பறவையால் வருகிற வருமானம், படகோ, வழிகாட்டியோ, தங்கும் அறையோ, முதலில் யாருடைய வயல் மூழ்கியதோ அவர்களுக்குப் போக வேண்டும். அவர்களின் நஷ்டத்தின்மேல்தான் அந்தக் கிளுவை நீந்துகிறது.

வரப்பை உயர்த்தி நிலத்தை மீட்கலாமே என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. அவர்களின் வலி புரிகிறது. ஆனால் கடல் மட்டம் உலகம் முழுக்க ஏறிக்கொண்டிருக்கும்போது, ஏற்கெனவே ஒரு மீட்டர் இறங்கிய பூமியை மண் வரப்பை வைத்துக் காப்பது நம்பிக்கையில்லாத சண்டை. ராமநாதபுரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் படிக்கிறவர்கள் இதை அந்தமான் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இங்கே ஒரே காலையில் நடந்தது, நம் கரையோரங்களில் ஐம்பது வருடத்தில் மெதுவாக நடக்கலாம். அன்றைக்கும் ஒரு விவசாயி ஒரு வங்கி மேசைக்கு முன்னால் பிளாஸ்டிக் உறையோடு உட்காருவார்.

பெரியவர் மாதம் தவறாமல் தவணை கட்டிவிடுகிறார். வரும்போதெல்லாம் டோக்கன் எடுத்து வரிசையில் உட்காருவார். என்னைப் பார்த்தால் சிரிப்பார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் சொல்ல இன்னும் என்னிடம் பதில் இல்லை.